பாரம் போகும் பாதை

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் தெற்கே போகிறவர்கள் அரியாங்குப்பத்தைத் தாண்டியதும் நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றைக் கடக்கிறார்கள். பாலத்தின் மேல் பலரின் கண் படகுத் துறைப் பக்கமே போகும். கரும்பு ஏற்றிய லாரி ஒன்று தூண்களுக்கு நடுவே வரும்போது, கண்ணுக்குத் தெரியாத அளவு பாலத்தின் தளம் கீழே வளைகிறது. லாரி போனதும் நிமிர்ந்துகொள்கிறது. அந்த எடை தளத்திலிருந்து உத்தரத்துக்கும், உத்தரத்திலிருந்து தூணுக்கும், தூணிலிருந்து அடித்தளத்துக்கும் இறங்கி, கடைசியில் மண்ணில் போய்ச் சேர்கிறது. குடிசையானாலும் கோபுரமானாலும் கட்டுமானத்தின் வேலை இதுதான்: மேலே விழும் பாரத்துக்கு மண் வரை அறுபடாத பாதை போட்டுக் கொடுப்பது.

பாரம் பல வகை. கட்டடத்தின் சொந்த எடை என்றும் மாறாது. சாதாரண வீடுகளில் பெரும் பங்கு அதுதான். ஆட்கள், பீரோ, தண்ணீர்த் தொட்டி, வண்டிகள் ஆகியவை வந்து போகும் எடை. இவற்றுக்கு மேல் காற்று, வெள்ளம், நிலநடுக்கம் வருகின்றன. நிலநடுக்கம் நமக்கு எங்கோ நடப்பது என்று நினைக்க வேண்டாம். 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக் கடலுக்கு அடியில் ஏற்பட்ட நடுக்கம் சென்னை வரை உணரப்பட்டது. வெயிலும் ஒரு பாரமே. சூட்டில் கான்கிரீட் நீள்கிறது. அதற்கு இடம் விட்டுத்தான் பாலத் தளத்தில் இடைவெளி வைக்கிறார்கள். பேருந்துச் சக்கரம் அதன் மேல் ஏறும்போதுதான் அந்த 'டக் டக்' சத்தம்.

பாரம் எப்படி வந்தாலும் பொருளுக்குள் நடப்பது பெரும்பாலும் இரண்டே: அமுக்குதல் அல்லது இழுத்தல். வெட்டுவதும் முறுக்குவதும்கூட இவை இரண்டும் சாய்வாகச் சேர்ந்து வருபவைதான்.

கல்லுக்கு அமுக்குதல் பிரச்சினையே இல்லை. 1010இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் ஏறத்தாழ 60 மீட்டர் உயரம். கல்லின் மேல் கல்லாக அடுக்கியது. ஆனால் அதே கல்லை இரண்டு தூண்களுக்கு மேல் கிடத்தினால் நிலைமை மாறுகிறது. கிடக்கும் கல் வளையப் பார்க்கும்போது அதன் மேல்பகுதி அமுங்குகிறது, அடிப்பகுதி இழுபடுகிறது. இழுப்பைக் கல் தாங்காது. கோயில் மண்டபங்களில் தூண்கள் நெருக்கமாக நிற்பதற்கு இது முக்கியக் காரணம்.

கான்கிரீட்டும் கல்லின் சாதிதான். அமுக்கத்தைத் தாங்குவதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் அது இழுப்பைத் தாங்கும். அந்தக் குறையைக் கம்பி தீர்க்கிறது. உத்தரத்தில் இழுபடுவது அடிப்பக்கம் என்பதால் முக்கியமான கம்பிகள் அடியில் ஓடுகின்றன.

சன்ஷேடிலும் பால்கனியிலும் இது தலைகீழ். ஒரு முனை மட்டும் சுவரில் பிடித்திருக்க, மறு முனை அந்தரத்தில் நிற்கிறது. பாரம் ஏறினால் வெளிமுனை தொங்கப் பார்க்கும்; அப்போது இழுபடுவது மேல்பக்கம். ஆகவே கம்பி மேலே இருக்க வேண்டும். கான்கிரீட் கொட்டும் நாளில் ஆட்கள் கம்பி மேல் ஏறி நடந்து அதை அடியில் அமுக்கிவிட்டால், வெளியே பார்க்க எல்லாம் சரியாகத்தான் இருக்கும். சென்ட்ரிங் பலகையைப் பிரிக்கும்போதுதான் விஷயம் தெரியும். கம்பி மேலேதான் இருக்கிறதா என்பது, வீடு கட்டுகிறவர்கள் மேஸ்திரியிடம் கேட்டே ஆக வேண்டிய கேள்வி.

உத்தரத்தின் பலம் அகலத்தைவிட ஆழத்தில்தான் அதிகம். அகலத்தை இரட்டித்தால் பலம் இரண்டு மடங்கு. ஆழத்தை இரட்டித்தால் நான்கு மடங்கு. பழைய வீடுகளில் மரச் சட்டங்களைப் படுக்கவைக்காமல் குத்துவாட்டில் நிறுத்தியவர்கள் கணக்குப் போடாமலே இதைத் தெரிந்துவைத்திருந்தார்கள். தூணின் சிக்கல் வேறு. குட்டையான தூண் நசுங்கினால்தான் உடையும். ஒல்லியாக நீண்ட தூணோ நசுங்குவதற்கு வெகு முன்பே பக்கவாட்டில் வளைந்து விலகிவிடும். சாரம் கட்டும்போது சவுக்குக் கழிகளைக் குறுக்கே இன்னொரு கழியால் பிணைப்பது இதைத் தடுக்கத்தான்.

பாரம் கீழ்நோக்கி மட்டும் வருவதில்லை என்பதைக் கடலோரக் கிராமங்கள் 2011இல் பார்த்தன. அந்த ஆண்டு டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. வேகமான காற்று கூரை மேல் ஓடும்போது கூரையை மேலே உறிஞ்சுகிறது. கனமான கான்கிரீட் தளம் அசையாது. கீற்று, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், தகரம் போன்ற லேசான கூரைகளுக்குத் தாங்குவதைவிடப் பிடித்துவைப்பதுதான் வேலை: கூரையைச் சட்டத்தோடும், சட்டத்தைச் சுவரோடும், சுவரை அடித்தளத்தோடும். இங்கும் பாதை அறுபடக் கூடாது. விசையின் திசைதான் மாறியிருக்கிறது.

கம்பி வராத காலத்தில் அகலமான இடைவெளியைக் கடக்க வளைவுதான் வழி. புதுச்சேரி ரயில் நிலையத்துக்கு அருகில் 1902இல் தொடங்கி 1907இல் முடித்த திரு இருதய ஆண்டவர் பசிலிக்காவில் கூர்முனை வளைவுகள் வரிசையாக நிற்கின்றன. வளைவில் ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லை அமுக்குகிறது. இழுப்புக்கு இடமே இல்லை. அதற்கு விலை உண்டு. வளைவு தன் கால்களை எப்போதும் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். அதை எதிர்க்கக் கனத்த சுவரோ முட்டோ வேண்டும். கூர்முனை வளைவு அரைவட்டத்தைவிடக் குறைவாகத் தள்ளுவதால் உயரமான தேவாலயங்களுக்கு அது பொருந்தியது.

கட்டுமானம் விழும்போது அதன் மேல் புதிதாகப் பாரம் ஏறியிருக்க வேண்டும் என்று இல்லை. பாதை பலவீனமானாலே போதும். கடற்கரைச் சாலையில் 1870களில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய மேரி (நகர மன்றம்) கட்டடம், பராமரிப்பின்றிக் கிடந்து, 2014 நவம்பரில் கனமழைக்குப் பின் இடிந்து விழுந்தது. செங்கல்லும் சுண்ணாம்புமான இத்தகைய சுவர்களில் நீர் இறங்கினால் எடை கூடுகிறது, சாந்து இளகுகிறது, சுவருக்குள் பதிந்த உத்தர முனைகள் உளுத்துப்போகின்றன. பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டப்பட்ட மேரி 2021இல் திறக்கப்பட்டது.

ஆற்றுப் பாலங்களுக்கு ஆபத்து பெரும்பாலும் அடியில் இருக்கிறது. வெள்ளம் தூணைச் சுற்றிச் சுழலும்போது அதன் அடி மண்ணை அரித்துக்கொண்டு போகிறது. 1928இல் திறந்த திருச்சி கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இப்படித்தான் சாய்ந்தன. அப்போது அதில் வாகனப் போக்குவரத்து இல்லை. லாரி எதுவும் ஏறாமலே பாலம் போனது.

நோணாங்குப்பம் போன்ற கடலோர ஊர்களில் இன்னொரு எதிரி உப்புக்காற்று. அது கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துருவாக மாறும் இரும்பு பல மடங்கு பருத்து, மேலே மூடியிருக்கும் கான்கிரீட்டைப் பிளக்கிறது. அதனால் வீட்டு விரிசல்களைப் படிக்கத் தெரிந்திருப்பது நல்லது. சாந்துப் பூச்சில் மட்டும் வலைபோல ஓடும் மயிரிழை விரிசல் பெரும்பாலும் பூச்சு காய்ந்ததால் வருவது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி வளர்ந்துகொண்டே போவது, அடித்தளம் ஒரு பக்கம் இறங்குவதைக் காட்டலாம். உத்தரத்தின் நடுவில் அடியிலிருந்து மேலேறும் விரிசல் வளைவினாலும், தூணுக்கு அருகே சாய்வாக ஓடுவது வெட்டு விசையாலும் வருபவை; பின்னது திடீரென்று உடைக்கக்கூடியது. கம்பி ஓடும் கோட்டிலேயே பழுப்புக் கறையோடு நீளும் விரிசலுக்குத் துருதான் காரணம். அதன் மேல் சிமென்ட் பூசி வெள்ளையடித்தால் கறை மறையும், துரு உள்ளே தொடரும். உதிரும் கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, பொறியாளர் சொல்படி புதிதாகப் பூச வேண்டியிருக்கும்.