தமனி கிழிந்தால்

இதயத்தின் மேல் ஓடும் கொரோனரி தமனியின் விட்டம் சுமார் 3 மில்லிமீட்டர். அதற்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தி, அதன் மேலேயே பலூனைக் கொண்டுபோய், 12, 14 வளிமண்டல அழுத்தத்தில் விரித்து, அடைப்பைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயைப் பதிக்கிறார்கள். கார் டயருக்கு நாம் அடிக்கும் காற்று இரண்டு, இரண்டரைதான்! அப்படியும் நூறு பேரில் ஒருவருக்குக்கூடத் தமனி கிழிவதில்லை. கிழிந்தால், பெரும்பாலும் சுண்ணாம்பு படிந்து இறுகிய, வயதானவர்களின் தமனிதான்.

1994இல் ஸ்டீபன் எல்லிஸ் குழுவினர் இந்தக் கிழிசல்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள். மூன்றாவதுதான் பயங்கரம். தமனியைக் காட்டச் செலுத்தும் சாயம் பீறிட்டு வெளியேறுவது எக்ஸ்ரே திரையிலேயே தெரியும். இதயத்தைச் சுற்றியுள்ள உறை சட்டென விரியாது. காசநோயில் மெல்ல மெல்லச் சேரும் ஒரு லிட்டர் நீரைக்கூடத் தாங்கும் அதே உறைக்குள், திடீரென 200 மில்லி ரத்தம் புகுந்தால் இதயம் நிரம்ப முடியாமல் திணறும். நெஞ்செலும்புக்குக் கீழே ஊசி செலுத்தி அதை வடிக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் செய்வது ஒன்றுண்டு. கம்பியை வெளியே எடுக்காமல், பலூனைக் கிழிசலின் மேலேயே குறைந்த அழுத்தத்தில் விரித்து வைப்பார்கள். கிழித்த பலூனே அடைப்பானாகிறது. ஆனால் அதற்கு அப்பாலுள்ள இதயத் தசைக்கு ரத்தம் போகாது; நோயாளிக்கு நெஞ்சு வலிக்கும். சில நிமிடங்களில் கசிவு நிற்காவிட்டால் உறையிட்ட ஸ்டென்ட்தான் வழி. அது தடிமனானது, வளைவுகளில் எளிதில் நுழையாது, கிளைத் தமனிகளையும் மூடிவிடும். அதை உள்ளே விடப் பலூனைச் சுருக்கியாக வேண்டும்; சுருக்கினால் ரத்தம் கொட்டும். அதனால் தொடை வழியாகவோ கை வழியாகவோ இரண்டாவது கதீட்டரைச் செருகி, புது ஸ்டென்டை வாசலில் நிறுத்திவிட்டு, பழைய பலூனை ஒரு கணம் மட்டும் சுருக்குகிறார்கள்.

கம்பியின் நுனி தமனியின் கடைக்கோடியில் போடும் துளை வேறு ரகம். அங்கே ஸ்டென்ட் எட்டாது. உலோகச் சுருளால் அடைக்கலாம். கைவசம் இல்லையென்றால் நோயாளியின் தோலுக்கடியிலிருந்து துளிக் கொழுப்பை எடுத்து, நுண்குழாய் வழியே அனுப்பி அடைத்துவிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த வைத்தியம் இதுதான்: காசு செலவில்லை, எந்த ஆய்வகத்திலும் கிடைக்கும்.

சிகிச்சையின்போது ரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஹெப்பாரினை முறிக்கும் புரோட்டமின் ஊசியை உடனே போட்டுவிடவும் முடியாது. தமனிக்குள் கம்பியும் பலூனும் இருக்கும்போது போட்டால், அவற்றின் மேலேயே ரத்தம் உறையக்கூடும். எனவே கருவிகளை வெளியே எடுத்த பிறகே பலரும் அதைத் தருகிறார்கள்.

நுனித் துளைக் கசிவு சில மணி நேரம் கழித்தும் தலைகாட்டும் என்பதால், வார்டுக்கு வந்த பின்னும் எக்கோ எடுத்துப் பார்க்கிறார்கள்.