கிளை ஆடும் என்று அறியாத குரங்கு

பிரேசிலின் 20 ரியல் நோட்டில் ஒரு குரங்கின் படம் உண்டு. தங்கச் சிங்க டாமரின். முக்கால் கிலோகூடத் தேறாத உடம்பு, செம்பொன் நிறம், முகத்தைச் சுற்றிப் பிடரிமயிர். ரியோ டி ஜெனிரோ மாநிலத்தின் கடலோரத் தாழ்நிலக் காடு தவிர வேறெங்கும் இதற்குச் சொந்த ஊர் இல்லை. காட்டை வெட்டினார்கள், அழகுக்காகப் பிடித்தும் விற்றார்கள். 1970களின் தொடக்கத்தில் காட்டில் மிஞ்சியவை ஏறத்தாழ 200.

விலங்குக் காட்சிசாலைகளில் பெருக்கிப் பார்த்தார்கள். அங்கே குட்டிகள் தங்கவில்லை. காரணத்தைக் கண்டவர்களில் முக்கியமானவர் வாஷிங்டன் தேசிய விலங்குக் காட்சிசாலையின் டெவ்ரா கிளைமன். இவை குடும்பமாக வாழ்பவை. பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். பால் குடிக்கத்தான் குட்டிகளுக்குத் தாய். தூக்கிச் சுமப்பதில் பெரும்பங்கு அப்பனுக்கும் அண்ணன் அக்காள்களுக்கும். தம்பி தங்கையைச் சுமந்து பழகாத குரங்குக்குத் தன் குட்டியை வளர்க்கத் தெரியவில்லை. குடும்பத்தைப் பிரிக்காமல் வைத்ததும் எண்ணிக்கை ஏறியது.

1984இல், காட்சிசாலையில் வளர்ந்த முதல் கூட்டங்களை, அவற்றின் சொந்தக் காட்டிலுள்ள போசோ தாஸ் அந்தாஸ் காப்பகத்தில் விட்டார்கள். வேடிக்கையும் வேதனையும் அங்கேதான். ஆடாத கட்டைகளில் வளர்ந்த குரங்குகளுக்குக் கிளை வளையும் என்பதே புதுச் செய்தி. விழுந்தன, வழி தவறின. மரத்தில் தொற்றி வளரும் அன்னாசி இனச் செடிகளின் இலைக்கிண்ணத்தில் நீள்விரல் விட்டுப் பூச்சியும் தவளையும் துழாவும் வித்தை, தட்டில் பழம் தின்றவற்றுக்கு எப்படி வரும்? பல இறந்தன. பிறகு, அனுப்புவதற்கு முன்பே காட்சிசாலையின் மரங்களில் கூண்டின்றி உலவ விட்டார்கள். காட்டிலேயே பிறந்த அடுத்த தலைமுறைதான் நன்றாகத் தழைத்தது. மொத்தத் திட்டத்தையும் காப்பாற்றியவை அந்தப் பிள்ளைகளே என்பேன்.

காடோ துண்டு துண்டாகக் கிடக்கிறது. வெட்டவெளியைக் கடக்க இவை துணிவதில்லை. எனவே பண்ணை நிலங்களில் மரவரிசை நட்டுத் துண்டுகளை இணைக்கிறார்கள். பிஆர்-101 நெடுஞ்சாலைக்கு மேலே, விலங்குகளுக்கென்றே மரம் நட்ட பாலம் ஒன்றும் எழுந்திருக்கிறது.

2014இல் 3,700 ஆக இருந்த எண்ணிக்கையை, கொசு பரப்பும் மஞ்சள் காய்ச்சல் 2019க்குள் 2,500 ஆகக் குறைத்துவிட்டது. அந்தக் கிருமி அடிமை வணிகக் கப்பல்களோடு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மனிதன் கொண்டுவந்த நோய்க்கு மனிதனே ஊசி போடுவதில் என்ன தவறு? வாழைப்பழம் வைத்துப் பொறியில் பிடித்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுகிறார்கள். 2023 கணக்கெடுப்பில் எண்ணிக்கை சுமார் 4,800.