காணாமற்போன பன்னீராயிரமும் ஒரு கண்ணாடி டொலரும்

நாணயஞ் சேர்ப்போர் வைத்திருக்கும் ஏட்டினைப் பார்த்தவர்கள் அறிவர். தடித்த அட்டையிலே வரிசை வரிசையாக வட்டக் குழிகள் வெட்டப்பட்டிருக்கும்; ஒவ்வொரு குழியின் கீழும் ஓர் ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும். அமெரிக்க நாட்டின் மோர்கன் வெள்ளி டொலர்களுக்கென அமைந்த ஏட்டிலே 1895 என்னும் ஆண்டுக்கு மூன்று குழிகள் உண்டு. அவற்றுள் ஒன்று, பெரும்பாலாரிடம், வாழ்நாள் முழுவதும் வெறுமையாகவே கிடக்கும். என் ஏட்டிலும் அவ்வாறே. அக்குழியை நிரப்பும் ஆசையால் நான் ஒருமுறை ஏமாற்றத்தின் வாயில்வரை சென்று மீண்டதுண்டு. அதைச் சொல்வதற்கு முன் டொலரின் பிறப்பைச் சொல்லியாக வேண்டும்.

நெவாடாப் பகுதியில் 1859ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட கொம்ஸ்டொக் சுரங்கம் வெள்ளியை ஆறாகப் பெருக்கிற்று. பெருகவே விலை சரிந்தது. சுரங்க முதலாளிகள் அரசினரை நெருக்கினர். 1878ஆம் ஆண்டு, சனாதிபதி ஹேய்சின் மறுப்பையும் மீறி ஒரு சட்டம் நிறைவேறியது. மாதந்தோறும் 20 இலட்சம் முதல் 40 இலட்சம் டொலர் பெறுமதியான வெள்ளியை அரசு வாங்கி, நாணயமாக்கியே தீரவேண்டும் என்பது அதன் விதி. ஒவ்வொன்றும் 26.73 கிராம் எடை. நூற்றுக்கு 90 வீதம் வெள்ளி. இவ்வளவு பாரத்தை மடியிற் சுமக்க விரும்புவார் யார்? வெள்ளிக்கு ஈடான காகிதச் சான்றிதழ்களையே மக்கள் பெரிதும் கைமாற்றினர். டொலர்களிற் பெரும்பகுதி சாக்குகளிற் கட்டப்பட்டு அரசாங்க நிலவறைகளிலே உறங்கியது.

அந்நாணயத்தின் தலைப்பக்கத்தில் இருப்பவள் சுதந்திர தேவி. உருவத்தை வரைந்தவர் இங்கிலாந்திலிருந்து 1876இற் பிலடெல்பியாவுக்கு வந்த ஜோர்ஜ் மோர்கன் என்னும் செதுக்குநர். அவர் முன் மாதிரியாக அமர்ந்தவர் ஓர் ஆசிரியை என்பது நம் ஆசிரியப் பெருமக்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி. அன்னா வில்லியம்ஸ் என்னும் அப்பெண்மணி தம் பெயர் வெளியானபின் வந்து குவிந்த புகழைச் சிறிதும் விரும்பினாரல்லர். கல்விப் பணியே தமக்குப் போதுமென்றிருந்தார். அவருடைய முகமோ கோடிக்கணக்கில் அச்சேறிற்று.

இனிக் கண்ணாடி டொலருக்கு வருவோம். வழக்கமான நாணயம் கடைத்தெருவுக்காகப் பிறப்பது. ஒரே விசையில் அடிபட்டு, மற்றவற்றோடு உராய்ந்து சாக்கில் விழும். கண்ணாடி நாணயம் அவ்வாறன்று. முதலில் அச்சின் சமதளத்தை ஒளிரும்வரை மெருகிடுவர். அச்சிலே குழிந்திருக்கும் முகமும் கழுகும் எழுத்தும் மெருகேறாமல் மங்கலாகவே விடப்படும். பின்னர் மெருகிட்ட வெற்றுத் தகட்டை அதனிடை வைத்து, மெல்ல, மிகுந்த அழுத்தத்துடன் பொறிப்பர். கிடைக்கும் நாணயத்தின் வெளி, அசைவற்ற கிணற்று நீர் போல் முகங்காட்டும். அவ்வெளியிலிருந்து எழும் உருவமோ பனிபடர்ந்தாற்போல் வெண்மையாக நிற்கும். ஓரத்து வரம்பு கத்தியால் வெட்டியதுபோல் நேராக எழும். இவற்றை அக்கசாலையார் சேகரிப்பாளர்களுக்கென்றே சிறுதொகையாகச் செய்து விற்றனர்.

வழக்கமான பொறிப்பிலும் சில வேளைகளில் இந்த ஒளி தற்செயலாக வந்துவிடும். புதிதாக மெருகிட்ட அச்சில் முதற்பிறந்தவை அவை. 1879 முதல் 1882 வரை சான் பிரான்சிஸ்கோவிற் பிறந்த டொலர்கள் இதிற் பேர்போனவை. அச்சிட்ட தாளொன்றின் மேல் நாணயத்தைச் செங்குத்தாக நிறுத்தி, எத்தனை அங்குலத் தொலைவிலுள்ள எழுத்துவரை அதன் முகத்தில் தெளிவாகப் படிக்கமுடிகிறதென்று பார்ப்பது வழக்கம். செலவில்லாத சோதனை, மாணவரும் செய்துபார்க்கலாம்.

1895ஆம் ஆண்டு நியூ ஓர்லியன்ஸ் அக்கசாலை 4,50,000 டொலர்களையும், சான் பிரான்சிஸ்கோ 4,00,000 டொலர்களையும் பொறித்தன. அவ்விரண்டும் ஏட்டின் இரண்டு குழிகளை நிரப்பும். பிலடெல்பியாவின் கணக்கேட்டிலோ இரு வரிகள் உள்ளன: வழக்கமான டொலர்கள் 12,000; கண்ணாடி டொலர்கள் 880. அந்த 880இற் பல இன்றும் உள்ளன. பன்னீராயிரத்தில் ஐயத்துக்கிடமற்றதாக ஒன்றுகூட இதுவரை அகப்பட்டிலது. ஆகவே வரிசையை நிறைவு செய்ய விரும்புபவர், கண்ணாடி நாணயங்களிலே நாட்டமில்லாதவராயினும், இந்த ஓராண்டுக்குக் கண்ணாடி டொலரையே நாடவேண்டியவராகிறார். அதன் விலை இன்று பதினாயிரக்கணக்கான டொலர்.

பன்னீராயிரம் நாணயம் எங்கே போயின? பலகாலம் சொல்லப்பட்ட விடை, அவை உலையிலே போயின என்பது. முதலாம் உலகப் போரின்போது இந்தியாவில் வெள்ளிக்குப் பெருந்தட்டுப்பாடு உண்டாயிற்று. காகித நோட்டுகளைக் கொடுத்து வெள்ளி ரூபா கேட்டு மக்கள் திரண்டனர். கொடுக்க வெள்ளியில்லையெனில் ஆட்சியின் வாக்கே பொய்யாகும் நிலை. பிரித்தானியா அமெரிக்காவிடம் கையேந்தியது. 1918 ஏப்ரலில் பிட்மன் சட்டம் நிறைவேறியது. நிலவறையில் உறங்கிய டொலர்கள் 27,02,32,722 உருக்கப்பட்டன. அவற்றில் ஏறத்தாழ 25 கோடியே 90 இலட்சம், இந்தியாவுக்காகப் பிரித்தானியாவுக்கு விற்கப்பட்ட வெள்ளி. எந்தெந்த ஆண்டின் நாணயங்கள் உருகின என்று எவரும் எழுதி வைக்கவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டொலரில் 24 கிராமுக்குச் சற்று மேலான தூய வெள்ளி. அக்காலத்து இந்திய ரூபாவிலோ பத்தரைக் கிராமுக்குச் சற்று மேல். ஆகவே பிலடெல்பியா ஆசிரியையின் முகமொன்று உருகினால், ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் முகம் இரண்டும் காலும் பிறக்கும்! இலங்கையிலும் அந்நாளில் முழு ரூபா நாணயமாக வழங்கியது இந்திய வெள்ளி ரூபாவே. இலங்கைக்கெனப் பொறித்தவை சதக் காசுகள் மட்டுமே. நம் பாட்டனார் சந்தையில் எண்ணிக் கொடுத்த ரூபாவில் நெவாடா மலையின் வெள்ளி கலந்திருக்கவும் கூடும்.

வேறு சில ஆய்வாளர் இன்னொன்று கூறுவர்: அந்தப் பன்னீராயிரமும் 1894ஆம் ஆண்டு அச்சுகளால் அடிக்கப்பட்டவை, நிதியாண்டுக் கணக்கெழுதும் முறையால் 1895இன் வரியில் ஏறிவிட்டவை. அவர்கள் சொல்வது உண்மையெனில் காணாமற்போனது எதுவுமில்லை, இல்லாததையே தேடியிருக்கிறோம். எனக்கு இவ்விளக்கமே பொருத்தமாகப் படுகிறது. ஆயினும் உலைக் கதையை விட மனமில்லை.

இங்கேதான் என் கதை. பல ஆண்டுகளுக்கு முன் ஒருவர் 1895 என்று பொறித்த டொலரொன்றைக் கொண்டுவந்தார். பின்புறத்தில் அக்கசாலைக் குறியில்லை, ஆகவே பிலடெல்பியா. பளபளப்போ கண்ணைப் பறித்தது. அவர் கேட்ட விலை அமெரிக்கச் சந்தையை நோக்கின் அற்பம். ஆசிரியனாகிய எனக்கு அது மகளின் கல்விக்கென வைத்திருந்த பணம். ஓரிரவு அவகாசம் கேட்டேன். நாணயத்தை என்னிடமே விட்டுச் சென்றார்.

அன்றிரவு உருப்பெருக்குக் கண்ணாடியுடன் நெடுநேரம் விழித்திருந்தேன். முதலில் உறுத்தியது தேவியின் கன்னம். வெளி ஒளிர்வதுபோலவே கன்னமும் ஒளிர்ந்தது. பனிபடர்ந்த வெண்மையைக் காணோம். விளக்கைச் சாய்த்தபோது, வெளி முழுவதும் மயிரிழை போன்ற கீறல்கள் ஒரே வட்டமாகச் சுழன்றன. அச்சிலிருந்து பிறந்த ஒளி அதுவன்று. மெருகுப் பசையும் துணியும் கொடுத்த ஒளி. பின்னர் நாணயத்தைத் திருப்பினேன். கழுகைச் சூழ்ந்த இலைமாலையின் முடிச்சுக்குக் கீழே, நியூ ஓர்லியன்ஸ் நாணயத்தில் 'ஓ' என்னும் எழுத்து நிற்கவேண்டிய இடத்தில், மிகச்சிறிய பள்ளமொன்று தெரிந்தது. எழுத்தைச் சுரண்டியெடுத்திருக்கிறார்கள்.

மறுநாள் திருப்பிக் கொடுத்தேன். கொண்டுவந்தவர் ஏமாற்ற வந்தாரோ, முன்னமே ஏமாந்தவரோ, அவர் முகத்தைக் கொண்டு முடிவுகட்ட இயலவில்லை. பணம் தப்பியது என்ற ஆறுதலைவிட வருத்தமே மிகுதியாக இருந்தது. ஏனெனில் 1895ஆம் ஆண்டின் நியூ ஓர்லியன்ஸ் டொலரும், தேயாத நிலையில், எளிதிற் கிடைக்கும் பொருளன்று. இல்லாத ஒன்றாக அதனை ஆக்கப்போய், இருந்த ஒன்றையும் அழித்துவிட்டார்கள்.

மெருகைப் பற்றி ஒரு சொல். நம் வீடுகளில் வெள்ளிச் செம்பையும் தட்டையும் திருநீறிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவது நல்ல வழக்கம். அதை நாணயத்திடம் காட்டலாகாது. கண்ணாடி நாணயத்தை மென்பட்டால் ஒருமுறை துடைத்தாலும் கீறல் விழும்; விழுந்த கீறலை எந்தக் கலைஞராலும் மீட்டெடுக்க முடியாது. விரல்ரேகை பட்டால் காலப்போக்கில் அதுவே கறையாய்ப் பதியும். மலிவான மென்பிளாத்திக்கு உறைகள் நாளடைவிற் பச்சைப் பிசினைக் கசியவிடும். ஓரத்தை மட்டும் பிடித்து, மடித்த துணியின் மேல் தாழ்வாக வைத்துப் பார்க்கவேண்டும்; கருமை படர்ந்தால் படரட்டும் என்று விட்டுவிடவேண்டும்.

மோர்கன் டொலர் பொறிப்பு 1921இல் முடிவுற்றதன் நூற்றாண்டு நினைவாக 2021இல் அமெரிக்கா அதே உருவத்தை மீண்டும் பொறித்தது. 2023இற் கண்ணாடிப் பொறிப்பாகவும் வெளியிட்டது. வெள்ளி முன்னையதினும் தூயது, நூற்றுக்கு 99.9 வீதம். சேர்க்கத் தொடங்கும் இளைஞர் அதனை வாங்கி, உண்மையான கண்ணாடிப் பரப்பு எப்படியிருக்குமென்று கண்ணைப் பழக்கிக்கொள்வது நன்று. நானும் ஒன்று வாங்கினேன். அன்றிரவே அது என் கையிலிருந்திருந்தால் விடியும்வரை விழித்திருக்க வேண்டியிராது.

அதை 1895இன் குழியில் வைக்க மனம் வரவில்லை. வேறொன்றை வைத்துப் பார்த்தேன்: 1918 என்று பொறித்த இந்திய வெள்ளி ரூபா ஒன்று, தேய்ந்தது, என் தந்தையாரிடமிருந்து வந்தது. குழி 38 மில்லிமீற்றர், ரூபா 30தான். ஏட்டை நிமிர்த்தியதும் உருண்டு மேசையில் விழுந்தது.