குளிர்பெட்டியில் ஐந்திலொரு பங்கு
தீர்ப்பின்றி முடிந்த ஒரு விசாரணையும் அதன் பின்விளைவுகளும்

ஐரோப்பிய நகரங்களிற் சிறுகடை நடத்தும் எம்மவர் பலருக்கும் பழக்கமான விடயம் இது. பெரிய குளிர்பான நிறுவனமொன்று கண்ணாடிக் கதவிட்ட குளிர்பெட்டியொன்றை இலவசமாகக் கொண்டுவந்து வைக்கின்றது. கடைக்காரருக்குச் செலவு மிச்சம். ஆனால் அப்பெட்டிக்குள் வேற்று நிறுவனத்தின் போத்தல் நுழையலாகாது என்ற நிபந்தனையும் கூடவே வந்துவிட்டால், ஒடுங்கிய கடையில் இரண்டாவது பெட்டிக்கு இடமேது? போட்டியாளரின் பானம் தட்டிலேயே கிடக்கும். கோடை வெயிலில் வருபவர் குளிராத போத்தலை விலைகொடுத்து வாங்குவாரா?

இத்தகைய நடைமுறைகள் தொடர்பாகவே ஐரோப்பிய ஆணைக்குழு 1999ஆம் ஆண்டில் கொக்கா கோலா நிறுவனத்தின் அலுவலகங்களைச் சோதனையிட்டு விசாரணையைத் தீவிரப்படுத்தியது. ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கழிந்து, 2005 யூன் 22ஆம் நாள் அது முடிவுக்கு வந்தது. தண்டப்பணம் விதிக்கப்படவில்லை. குற்றம் இழைக்கப்பட்டது என்ற தீர்ப்பும் எழுதப்படவில்லை. நிறுவனமும் அதன் மூன்று பிரதான போத்தல் நிறுவனங்களும் எழுத்து மூலம் வாக்குறுதி அளித்தன. ஆணைக்குழு அதனைச் சட்டபூர்வமாகக் கட்டுப்படுத்தும் ஆணையாக்கியது.

வாக்குறுதியின் உள்ளடக்கம் கடைக்காரருக்கு நேரடியாகப் பயன்படக்கூடியதாகவே இருந்தது. எங்கள் பானத்தை மட்டுமே விற்கவேண்டும் என்று கேட்பதில்லை. கடந்த முறையைவிடக் கூடுதலாக வாங்கினாற்றான் கழிவு என்று பேரம் பேசுவதில்லை. நன்கு விலைபோகும் பானத்தைக் காட்டி, விலைபோகாத பானத்தையும் தலையிற் கட்டுவதில்லை. இலவசக் குளிர்பெட்டியைத் தவிர வேறு குளிர்பெட்டி இல்லாத கடையில், அதன் இடத்தில் 20 வீதத்தையேனும் கடைக்காரர் தாம் விரும்பிய பானத்துக்கு ஒதுக்கலாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுடன் நோர்வே, ஐஸ்லாந்து ஆகியவற்றிலும், அந்நிறுவனத்தின் சந்தைப் பங்கு 40 வீதத்தைத் தாண்டியும் அடுத்த போட்டியாளரைவிட இருமடங்குக்கு மேற்பட்டும் இருந்த இடங்களில், 2010ஆம் ஆண்டு இறுதிவரை இது நடைமுறையில் இருந்தது.

இதற்கு வழிவகுத்தது 2004 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒழுங்குவிதியின் 9ஆம் பிரிவு. ஆணைக்குழு முதலில் தனது ஐயங்களை நிறுவனத்துக்கு அறிவிக்கும். நிறுவனம் வாக்குறுதிகளை முன்வைக்கும். அவற்றின் சாரம் வெளியிடப்பட்டு, பாதிக்கப்படக்கூடிய எவரும் கருத்துரைக்கக் குறைந்தது ஒரு மாத அவகாசம் வழங்கப்படும். மூலைக்கடைக்காரரும் எழுதலாம் என்பதே சட்டம். எழுதுவோர் பெரும்பாலும் பெரிய நிறுவனங்களின் சட்டத்தரணிகள் என்பது வேறு கதை. தண்டம் விதிக்கவேண்டிய பாரதூரமான வழக்குகளுக்கு, குறிப்பாக இரகசியமாகக் கூடி விலை நிர்ணயிப்போருக்கு, இந்த வழி உரியதன்று.

வாக்குறுதியை மீறினால்? ஆண்டு விற்றுமுதலில் 10 வீதம் வரை தண்டம் விதிக்கலாம். மூல முறைப்பாட்டை நிரூபிக்கவேண்டிய தேவையும் இல்லை. 2009 டிசெம்பரில் மைக்ரோசொப்ட் நிறுவனம் தனது விண்டோஸ் பாவனையாளர்கள் எந்த இணைய உலாவியையும் தெரிவுசெய்யும் வகையில் திரையொன்றைக் காட்டுவதாக ஐந்தாண்டுக்கு உறுதியளித்தது. 2011 மே முதல் 2012 யூலை வரை ஒன்றரைக் கோடிப் பேருக்கு அத்திரை தோன்றவேயில்லை. தொழில்நுட்பத் தவறு என்றது நிறுவனம். 2013 மார்ச்சில் 561 மில்லியன் யூரோ தண்டம் விழுந்தது. வாக்குறுதி மீறலுக்காக ஆணைக்குழு விதித்த முதலாவது தண்டம் அதுவே.

ஆயினும், இம்முறையில் எம்மை உறுத்தும் குறை ஒன்றுண்டு. எதிர்காலம் திருத்தப்படுகின்றது, கடந்த காலம் மூடப்படுகின்றது. பல்லாண்டு நட்டப்பட்ட சிறு வியாபாரி இழப்பீடு கோர நீதிமன்றம் சென்றால், குற்றம் நிரூபிக்கப்பட்டது என்று காட்ட அவர் கையில் ஒரு தாளும் இராது.

ஸ்பெயினில் ஒரு பெற்றோல் நிலையத்தாருக்கு நேர்ந்ததும் இதுவே. ரெப்சோல் நிறுவனத்திடம் மட்டுமே எரிபொருள் வாங்கும் நிபந்தனையுடன் 1993இல் அவர்கள் நீண்டகால ஒப்பந்தம் செய்திருந்தனர். 2006இல் ரெப்சோல், இத்தகைய ஒப்பந்தங்களிலிருந்து நிலையத்தார் பணம் செலுத்தி விடுபட வழிவிடுவதாக ஆணைக்குழுவுக்கு வாக்குறுதி அளித்தது. ஒப்பந்தமே செல்லாது, இழப்பீடும் வேண்டும் என்று நிலையத்தார் வழக்காடினர். கீழ் நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்தன. ஸ்பெயின் உயர் நீதிமன்றம் லக்சம்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றத்தின் விளக்கத்தைக் கேட்டது. 2017 நவம்பர் 23இல் பதில் கிடைத்தது: ஆணைக்குழு வாக்குறுதியை ஏற்றுக்கொண்டமை ஒப்பந்தத்தைத் தூய்மையாக்கிவிடாது, உள்நாட்டு நீதிமன்றங்கள் அதனை மீள ஆராயலாம், செல்லாது என்றும் கூறலாம். அவ்வாறு ஆராயும்போது ஆணைக்குழு முதலில் வெளியிட்ட ஐயங்களை ஓர் அறிகுறியாகவோ முதற்றோற்றச் சான்றாகவோ கருத்திற்கொள்ளவேண்டும் என்றும் நீதிபதிகள் எழுதினர்.