கடைசி வரிசையில் ஓடும் கார்

2025 டிசம்பரில் நடிகர் அஜித் குமார் சிப்பாங்கில் கார் ஓட்ட வந்துபோனதிலிருந்து, அம்பாங் பெச்சாவில் நாங்கள் கூடும் தேத்தண்ணிக் கடையில் பேச்சின் போக்கே மாறிவிட்டது. அதற்கு முன் இங்கே பந்தாட்டமும் மோட்டோ ஜிபியும்தான். சனி ஞாயிறுகளில் கோலகுபு பாரு வழியாக ஃபிரேசர் மலை ஏறும் பெரிய மோட்டார்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் இங்கே கூடும் தம்பிகள். ரோசி, மார்க்கெஸ் என்றால் உடனே தெரியும். ஃபார்முலா ஒன் அப்படியில்லை. சிப்பாங்கில் அது கடைசியாக ஓடியது 2017 அக்டோபர் 1ஆம் தேதி. இந்தத் தம்பிகளில் பாதிப் பேர் அப்போது தமிழ்ப்பள்ளி மாணவர்கள்.

அவர்களில் ஒருவர் அன்று தே தாரேக்கை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "அண்ணே, பியாஸ்திரிய வழி விடச் சொன்னாங்க, நோரிஸ் சாம்பியன் ஆயிட்டாரு. இது ஏமாத்து வேல இல்லியா?"

கோபத்தோடு கேட்டார். அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது. அக்கறை இருக்கிறவருக்குத்தானே கோபம் வரும். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. 2025 பருவத்தின் முடிவில் லாண்டோ நோரிஸ் 423 புள்ளி, மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் 421, ஆஸ்கர் பியாஸ்திரி 410. செப்டம்பரில் இத்தாலியின் மோன்சாவில் நோரிஸின் கார் டயர் மாற்ற நின்றபோது மெக்லாரன் குழு தாமதப்படுத்திவிட்டது. அவருக்குப் பின்னால் இருந்த குழுக் கூட்டாளி பியாஸ்திரி அதனால் முன்னுக்கு வந்தார். தாமதம் எங்கள் தவறு, இடத்தைத் திருப்பிக் கொடு என்று குழு ரேடியோவில் கேட்டது, அவரும் கொடுத்தார். இரண்டாம் இடத்துக்கு 18 புள்ளி, மூன்றாம் இடத்துக்கு 15. அந்த மூன்றை நோரிஸின் மொத்தத்திலிருந்து எடுத்துப் பாருங்கள்: 420. மற்றதெல்லாம் நடந்தபடியே நடந்திருந்தால் வெர்ஸ்டாப்பன்தான் சாம்பியன். தம்பி கொதித்தது இதனால்தான்.

ஃபார்முலா ஒன்னில் ஒரே பருவத்தில் இரண்டு பட்டங்கள் உண்டு. ஒன்று ஓட்டுநருக்கு, மற்றது காரைக் கட்டிய குழுவுக்கு. ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு கார். பரிசுப் பணம் குழுப் பட்டியலின் வரிசைப்படிதான் பிரிகிறது. ஓட்டுநரின் மிக நெருங்கிய எதிரி அவருடைய சொந்தக் கூட்டாளிதான், ஏனென்றால் இருவரிடமும் ஒரே கார் இருக்கிறது. நாமோ ஓட்டுநரின் முகத்தைப் பார்த்து அன்பு வைக்கிறோம். குழு தன் கணக்கைப் பார்த்து உத்தரவு போடும்போது அந்த அன்புக்கு அடி விழுகிறது.

இதை விளங்கிக்கொள்ள மோன்சாவரை போக வேண்டாம். நம் சிலாங்கூரின் தென்கோடியில், சிப்பாங்கிலேயே இதற்கு முழுப் பாடம் இருக்கிறது. அது 1999.

அந்த ஆண்டு ஜூலையில் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் ஃபெராரியின் மைக்கேல் ஷூமாக்கர் பிரேக் செயலிழந்து தடுப்பில் மோதினார். வலது கால் முறிந்தது. ஃபெராரியின் பட்டக் கனவு, அதுவரை இரண்டாம் ஆளாக ஓடிக்கொண்டிருந்த எடி இர்வைனின் தோளில் ஏறியது. ஷூமாக்கரின் இருக்கையில் மாற்றாளாக வந்தவர் பின்லாந்துக்காரர் மிகா சாலோ. இவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். ஆறு பந்தயங்கள் மட்டும் ஓட்டினார். அவற்றில் இரண்டாவதிலேயே, ஜெர்மனியின் ஹொக்கன்ஹைமில், முதலிடத்தில் போய்க்கொண்டிருந்தார். வாழ்நாளில் அவர் ஃபார்முலா ஒன் வென்றதே இல்லை, அன்று வென்றிருக்கலாம். பட்டத்துக்குப் புள்ளி வேண்டும் என்று குழு சொன்னது. இர்வைனுக்கு வழி விட்டார். வென்ற இர்வைன் அந்தக் கோப்பையைச் சாலோவிடமே கொடுத்துவிட்டார்.

அக்டோபர் 17. சிப்பாங்கில் முதல் ஃபார்முலா ஒன். செம்பனைத் தோட்டம் இருந்த நிலத்தில், புதிய விமான நிலையத்துக்குப் பக்கத்தில் எழுந்த 5.543 கிலோமீட்டர் தடம். மெக்லாரனின் மிகா ஹக்கினென் 62 புள்ளி, இர்வைன் 60. மூன்று மாதம் கழித்துத் திரும்பிய ஷூமாக்கர் தகுதிச் சுற்றில் கிட்டத்தட்ட ஒரு வினாடி வித்தியாசத்தில் முதலிடம் பிடித்தார். அந்த வேகத்தில் அவரே வென்றிருப்பார். ஆனால் அன்று அவர் வெல்ல வரவில்லை. ஒருமுறைக்கு இருமுறை இர்வைனுக்கு வழி விட்டார்; நடுவில் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஹக்கினெனைத் தனக்குப் பின்னால் அடக்கி வைத்தார். நம் ஊர் வெயிலில் அந்தச் சோதனையைத் தாங்கி முடித்த ஹக்கினெனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இர்வைன் முதல், ஷூமாக்கர் இரண்டு, ஹக்கினென் மூன்று.

அதோடு முடியவில்லை. பந்தயத்துக்குப் பிறகு கார்களை அளந்தார்கள். முன்சக்கரத்துக்குப் பின்னால் காற்றை வழிப்படுத்த ஒரு தகடு இருக்கும். பார்ஜ் போர்டு என்பார்கள். ஃபெராரியின் தகட்டில் 10 மில்லிமீட்டர் பிசகு இருப்பதாகச் சொல்லி இரண்டு கார்களையும் தகுதிநீக்கம் செய்தார்கள். விதி அனுமதித்த வித்தியாசம் 5 மில்லிமீட்டர். அந்த முடிவு நிலைத்திருந்தால் முதலிடமும் அதற்கான 10 புள்ளியும் ஹக்கினெனுக்குப் போயிருக்கும்: 72க்கு 60. ஒரே பந்தயம்தான் பாக்கி. சிப்பாங்கிலேயே அவர் சாம்பியன். ஃபெராரி மேல்முறையீடு செய்தது. ஆறு நாள் கழித்துப் பாரிஸில் தீர்ப்பு வந்தது: அளந்த முறை சரியில்லை, தகடு அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது. பந்தய முடிவு மறுபடி பழையபடி ஆனது. மெக்லாரன் ரசிகர்கள் கொதித்தார்கள். பட்டப் போட்டியைக் கடைசிப் பந்தயம்வரை இழுக்கத்தான் இந்தத் தீர்ப்பு என்றார்கள். பிறகு ஜப்பானின் சுசுகாவில் ஹக்கினென் வென்று, 76க்கு 74 என்று பட்டத்தை எடுத்துக்கொண்டார். குழுப் பட்டம் 128க்கு 124 என்று ஃபெராரிக்குப் போனது. 1983க்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த முதல் குழுப் பட்டம் அது. சாலோ விட்டுக்கொடுத்தும் ஷூமாக்கர் விட்டுக்கொடுத்தும் இர்வைனுக்கு இரண்டு புள்ளி குறைந்தது. அடுத்த ஆண்டு இர்வைன் ஜாகுவார் குழுவுக்குப் போனார். அவருடைய இடத்துக்கு வந்தவர் ரூபென்ஸ் பாரிக்கெல்லோ.

அந்தப் பாரிக்கெல்லோதான் 2002இல் ஆஸ்திரியாவில், கடைசிச் சுற்றின் கோட்டுக்குச் சற்று முன்பு, ஷூமாக்கருக்கு வழி விட வைக்கப்பட்டவர். இந்த முறை பருவம் பாதிகூட ஆகவில்லை. ஷூமாக்கர் எக்கச்சக்கமாக முன்னால் இருந்தார். அரங்கம் முழுக்க ஊளையிட்டது. அந்தக் கோபத்துக்குப் பலன் கிடைத்தது. முடிவை மாற்றும் குழு உத்தரவுகளுக்கு 2003 முதல் தடை வந்தது. குழுக்கள் சும்மா இருந்துவிடவில்லை. உத்தரவை உத்தரவு போலில்லாமல் சொல்லப் பழகின. 2010இல் ஜெர்மனியில் ஃபெராரி அப்படிச் சொல்லி ஒரு லட்சம் டாலர் அபராதம் கட்டியது. கடைசியில், பிடிக்க முடியாத விதி எதற்கு என்று 2011இல் தடையை எடுத்துவிட்டார்கள். ஆகவே மோன்சாவில் நடந்தது விதிக்கு உட்பட்டது, தம்பி. எல்லோர் காதிலும் விழ ரேடியோவில் பேசி, காரணம் சொல்லிச் செய்தார்கள். எனக்கு அது பிடித்ததா என்றால், இல்லை. மெதுவான டயர் மாற்றமும் பந்தயத்தின் ஒரு பாகம்தான். ஆனால் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன்.

இனி நம் ஆளிடம் வருகிறேன்.

2012 மார்ச் 25, சிப்பாங். கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன், எச்ஆர்டி என்ற ஸ்பானியக் குழுவின் காரில். அந்தக் காரின் நிலைமையைச் சொல்லியாக வேண்டும். முந்தின வாரம் மெல்பர்னில் குழுவின் இரண்டு கார்களும் பந்தயத்துக்கே தகுதி பெறவில்லை. தகுதிச் சுற்றின் முதல் பகுதியில் அதிவேகக் காரின் நேரத்தில் 107 விழுக்காட்டுக்குள் ஓட்ட வேண்டும் என்பது விதி. அதற்கே எட்டாத கார். சிப்பாங்கில் தேறினார்கள், கடைசி வரிசையில். பிறகு நம் ஊர் மழை வந்தது. எச்ஆர்டி முதலிலேயே கனமழை டயர் போட்டிருந்தது. மற்றவர்கள் டயர் மாற்ற ஓடியபோது நரேன் ஓடிக்கொண்டே இருந்தார். செங்கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தியபோது அவர் இருந்தது பத்தாவது இடத்தில்! அந்த நிறுத்தம் முக்கால் மணி நேரத்துக்கு மேல் நீண்டது. அவ்வளவு நேரமும் தொலைக்காட்சிப் பட்டியலில் அந்தப் பெயர் பத்தாவதாக நின்றதைப் பார்த்த தமிழ் வீடுகள் இங்கே எத்தனையோ.

மறுபடி தொடங்கியதும் ஜென்சன் பட்டன் வந்து நரேனின் காரில் இடித்துத் தன் முன்சிறகை உடைத்துக்கொண்டார். தவறு தன்னுடையது என்று அவரே ஒப்புக்கொண்டார். நரேன் மெல்லப் பழைய இடத்துக்கு இறங்கினார். பந்தயம் முடியப் பத்துச் சுற்று போல இருக்கும்போது, நான்காம் இடத்தில் வந்த செபாஸ்டியன் வெட்டல் அவரை ஒரு சுற்று கடந்து போனார். ஒரு சுற்று பின்தங்கிய காருக்கு நீலக்கொடி காட்டுவார்கள். அது வழி விட வேண்டும். நரேன் ஒதுங்கினார். ஆனால் காய்ந்துவரும் தடத்தில் உலர்ந்த பாதை ஒற்றையடிப் பாதை அளவுதான் இருக்கும். அதைவிட்டு இறங்கினால் ஈரத்தில் பிடிமானம் போய்விடும். வெட்டல் முந்திக்கொண்டு உள்ளே திரும்ப, நரேனின் முன்சிறகு வெட்டலின் பின்டயரைக் கிழித்தது. வெட்டலுக்குப் பதினோராம் இடம். புள்ளியே இல்லை. நான்காம் இடத்தின் 12 புள்ளி போயிற்று.

நடுவர்கள் நரேனுக்கு 20 வினாடி தண்டனை கொடுத்தார்கள். வெட்டல் ஜெர்மன் மொழியில் அவரை வெள்ளரிக்காய் என்று ஏசினார். இரண்டு முறை சாம்பியனான மனிதர் இப்படி அழலாமா என்ற பாணியில் நரேன் திருப்பிக் கொடுத்தார். இந்தியாவிலும் இங்கேயும் நம்மவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். மானம் போச்சு என்றவர்களும் உண்டு, நரேன் பேசியது சரி என்றவர்களும் உண்டு. நான் நரேன் பக்கம்தான். இடம் விட வேண்டியவர் விட்டார். மிச்ச இடத்தை அளந்து திரும்புவது முந்துகிறவரின் வேலை.

பருவ முடிவைக் கேளுங்கள். வெட்டல் 281, ஃபெராரியின் ஃபெர்னான்டோ அலோன்சோ 278. பிரேசிலின் கடைசிப் பந்தயத்தில் முதல் சுற்றிலேயே இடிபட்டுச் சுழன்று எதிர்த்திசை பார்த்து நின்ற வெட்டல், மீண்டு ஓடி ஆறாவதாக வந்ததால் தப்பியது பட்டம். முந்தக் கூடாத மஞ்சள் கொடியில் முந்தினாரா என்று ஃபெராரி விளக்கம் கேட்டது. அங்கே பச்சைக் கொடி அசைந்தது என்று முடித்துவிட்டார்கள். அந்த மூன்று புள்ளி மறுபக்கம் சாய்ந்திருந்தால் உலகம் பிரேசிலைப் பேசியிருக்காது. சிப்பாங்கில் போன 12 புள்ளியைப் பேசி, கோயம்புத்தூர்க்காரர் ஒருவரின் பெயரில் காலமெல்லாம் பழி போட்டிருக்கும். பட்டத்துக்கு ஓடுகிறவர்கள் இரண்டு மூன்று பேர். அதை யாருக்கு என்று தீர்த்துவிடுகிறவர்கள் சாலோ, பாரிக்கெல்லோ, நரேன் போல அந்தப் போட்டியிலேயே இல்லாதவர்கள். ரசிகனின் கோபம் அவர்கள் தலையில்தான் விழும். அவர்களுக்கோ சொந்த இருக்கையே நிச்சயமில்லை.

நரேனையே பாருங்கள். 2011இல் இதே எச்ஆர்டியில் பருவத்தைத் தொடங்கினார். ஜூலையில் இருக்கையைப் பறித்து, ரெட் புல் வளர்த்த டேனியல் ரிக்கார்டோ என்ற இளைஞருக்குக் கொடுத்தார்கள். டில்லிக்குப் பக்கத்தில் முதல் இந்தியப் பந்தயம் நடந்த அக்டோபரில் மட்டும் நரேனை மறுபடி உட்கார வைத்தார்கள். அதற்கு முந்தின ஆண்டு சென்னையின் கருண் சந்தோக்குக்கும் அதே குழுவில் அதே கதை: பத்துப் பந்தயம், பிறகு அவருடைய காரில் சகோன் யமமோத்தோ. பெரிய குழுக்களிலும் இரக்கம் கிடையாது. 2025இல் லியம் லாசனை இரண்டே பந்தயத்தில் ரெட் புல் இறக்கிவிட்டு யூக்கி சுனோடாவை ஏற்றியது. தம்பிகள் பட்டத்துக்காகக் கொதிப்பதில் பாதியாவது இதற்காகக் கொதிக்க வேண்டும் என்பது என் ஆசை. பட்டம் தவறினால் அடுத்த பருவம் இருக்கிறது. இருக்கை போனால் பெரும்பாலும் எல்லாமே போய்விடுகிறது.

ரிக்கார்டோ வீணானவர் அல்ல, மிகத் திறமைசாலி. 2016 அக்டோபர் 2ஆம் தேதி சிப்பாங்கில் லூயிஸ் ஹாமில்டன் முன்னணியில் போய்க்கொண்டிருந்தபோது 41ஆம் சுற்றில் இன்ஜின் தீப்பிடித்தது. அன்று வென்றவர் அதே ரிக்கார்டோ. மூன்றாவதாக வந்த நிக்கோ ரோஸ்பெர்க் பருவ முடிவில் 385க்கு 380 என்று ஹாமில்டனைத் தாண்டினார். பட்டம் வென்ற ஐந்தாம் நாள் ஓய்வை அறிவித்துவிட்டார். அந்த இருக்கை வால்டேரி பொட்டாஸுக்குப் போனது.

"நரேன் அப்புறம் என்ன ஆனாரு அண்ணே?" என்று கேட்டார் தம்பி. 2012 முடிவில் எச்ஆர்டி குழுவே இல்லாமல் போனது. நரேன் ஜப்பானுக்குப் போய் அங்கே பல ஆண்டுகள் ஓட்டினார். 2019 நவம்பரில் ஃபுஜி தடத்தில், ஜப்பானின் சூப்பர் ஜிடி கார்களும் ஜெர்மனியின் டிடிஎம் கார்களும் ஒன்றாக மோதிய பந்தயம் ஒன்றில் ஹோண்டா காரில் முதலாவதாக வந்தார். அப்போது அவருக்கு வயது 42.