பலகை மாட்டினால் பேர் சொந்தமாகுமா? கடைக்காரர்களே, உஷார்!

புதுவை, நோணாங்குப்பம்:

சுண்ணாம்பாறு படகு குழாமுக்கு வரும் கூட்டத்தை நம்பி, கடலூர் ரோட்டில் ஒருவர் டிபன் கடை போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அண்ணே, பலகையில பேரு என்ன எழுதட்டும்?" என்று கேட்கிறார் பெயிண்டர்.

"எம் பொண்ணு பேரையே போட்டுடுப்பா!"

பலகை ஏறுகிறது. வியாபாரமும் சூடு பிடிக்கிறது. இரண்டு வருடம் கழித்து வருகிறது ஒரு வக்கீல் நோட்டீஸ். "இது எங்கள் பெயர். 15 நாளில் பலகையை இறக்கு!"

கடைக்காரர் பீரோவைத் திறக்கிறார். கொம்யூன் லைசென்ஸ் இருக்கிறது. ஜி.எஸ்.டி. நம்பர் இருக்கிறது. "எல்லாத்துலயும் இதே பேருதானே இருக்கு? அப்புறம் என்ன?" என்கிறார்.

அங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள்!

லைசென்ஸ் வேறு, பேர் வேறு

நோணாங்குப்பத்தில் கடை திறக்க அரியாங்குப்பம் கொம்யூன் பஞ்சாயத்தில் தொழில் உரிமம் வாங்க வேண்டும். கடைகள் சட்டம் 1964-ன்படி தொழிலாளர் துறையிலும் பதிய வேண்டும். சாப்பாட்டுப் பண்டம் விற்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் வேண்டும்.

இந்தக் காகிதங்கள் எல்லாம் "கடை நடத்தலாம்" என்றுதான் சொல்கின்றன. "இந்தப் பேர் உனக்கு மட்டும்தான்" என்று ஒன்றுகூடச் சொல்வதில்லை. ஜி.எஸ்.டி. பதிவும் அப்படித்தான். 2020 ஜூலையில் வந்த 'உத்யம்' சிறுதொழில் பதிவும் அப்படித்தான். (உத்யம் பதிவுக்கு சர்க்கார் கட்டணம் ஒரு பைசா கிடையாது. யாராவது "சர்க்கார் பீஸ்" என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.)

பேருக்குப் பாதுகாப்பு தருவது 1999-ம் ஆண்டு டிரேட் மார்க் சட்டம். புதுவைக்காரர்களுக்கு அதன் ஆபீஸ் சென்னையில் இருக்கிறது.

சுப்ரீம் கோர்ட்டு வரை போன போட்டோ கடை

ஆமதாபாத்தில் 1982 முதல் 'முக்தஜீவன் கலர் லேப்' என்ற பெயரில் ஒருவர் போட்டோ கடை நடத்தி வந்தார். வேறு பெயரில் ஸ்டூடியோ வைத்திருந்த இன்னொரு தரப்பு, திடீரென்று 'முக்தஜீவன்' பேருக்கு மாறியது.

பழைய கடைக்காரர் கோர்ட்டுக்கு ஓடினார். "இரண்டு கடைக்கும் நடுவே சில கிலோ மீட்டர் தூரம் இருக்கிறதே" என்று கீழ்க்கோர்ட்டு தடை போட மறுத்தது. ஐகோர்ட்டும் கைவிரித்தது.

அவர் விடவில்லை. 2001 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பைத் திருப்பிப் போட்டது. ஒருவர் உழைத்துச் சம்பாதித்த பேரை வைத்து, அவர் கடைதான் என்று ஜனங்கள் நம்பும்படி இன்னொருவர் வியாபாரம் செய்யக் கூடாது என்று சொல்லி தடை விதித்தது.

முதலில் வைத்தவருக்குச் சட்டம் துணை நிற்கும் என்பதற்கு இந்த வழக்கு சாட்சி. ஆனால் முதலில் வைத்தது யார் என்பதை நிரூபிக்க வேண்டும். பழைய பில், நோட்டீஸ், விளம்பரம் எதையும் தூக்கி எறியாதீர்கள்!

4,500 ரூபாய் கணக்கு

டிரேட் மார்க்குக்கு தனி நபரும் சிறுதொழில் செய்பவரும் இணையத்தில் மனுப் போட்டால் ஒரு வகைக்கு ரூ.4,500 கட்டணம். பதிவு கிடைத்தால் 10 வருடம் செல்லும். பிறகு புதுப்பிக்கலாம். அந்தப் பேர் ஏற்கெனவே யாரிடமாவது இருக்கிறதா என்று அதே இணையதளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம்.

பெயிண்டரைக் கூப்பிடும் முன்னால் செய்ய வேண்டிய வேலை இது.

எல்லாப் பேரும் கிடைக்காது. 'நோணாங்குப்பம் மீன் கடை' என்று ஊர்ப் பேரையும் சரக்கின் பேரையும் மட்டும் சேர்த்து வைத்தால், அதைத் தனக்கு மட்டும் என்று கேட்பது கஷ்டம். ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்ற பேரைத் தனியாகச் சொந்தம் கொண்டாட முடியாது என்று 2015-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. மகாத்மா காந்தி, நேரு பேர்களை வியாபாரத்துக்கு வைக்க 1950-ம் வருடச் சட்டம் தடை போடுகிறது.

நேர்மையாகத் தன் சொந்தப் பேரைக் கடைக்கு வைப்பவருக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் மகள் பேருக்கு அந்தச் சலுகை இல்லை!

கூட்டாளி இருக்கிறாரா?

இருவர் சேர்ந்து கடை வைத்தால் இன்னொரு கண்டம் உண்டு. கூட்டு வியாபாரத்தைப் பதிவு செய்வது கட்டாயம் இல்லை. ஆனால் பதியாத கூட்டுக் கடை, ஒப்பந்தப்படி வரவேண்டிய பாக்கிக்காக வெளியாள் மேல் கேஸ் போட முடியாது. 1932-ம் வருடச் சட்டம் அப்படி. சரக்கு கொடுத்துவிட்டுக் கையைப் பிசைய வேண்டியதுதான்.

எல்லை தாண்டினால் கணக்கு மாறும்

கடலூர்க்காரர் சொல்வதைக் கேட்டு நோணாங்குப்பத்துக்காரர் நடக்கக் கூடாது. தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்பவருக்கு, பொதுவாக வருட விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு. புதுவையில் 20 லட்சம் தாண்டினாலே பதிய வேண்டும்!

பலகையில் இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டும். கடைப் பலகையில் தமிழ் கட்டாயம் என்று 2025 மார்ச்சில் சட்டசபையில் முதல்-மந்திரி ரங்கசாமி அறிவித்தார்.

ஆக, வரிசை இதுதான். முதலில் பேரைத் தேடு. அடுத்து மனுப் போடு. பிறகு லைசென்ஸ். கடைசியாகப் பெயிண்டர்.

பலகையைக் கழற்ற அரை மணி நேரம் போதும். அதில் இருந்த பேரைச் சம்பாதிக்க எத்தனை வருடம் ஆனது என்பது கடைக்காரருக்குத்தான் தெரியும்.