இரண்டு நிமிடத்தில் ஒரு பெட்டி

சிங்கப்பூரில் கடலோரச் சாலையில் போகும்போது வரிசையாக நிற்கும் அந்த ராட்சதக் கிரேன்களைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஒட்டகச்சிவிங்கிகள் தண்ணீர் குடிக்க வந்த மாதிரி இருக்கும். அதற்குள் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்பது பல வருடங்கள் எனக்கு உறைக்கவே இல்லை. எங்கள் புளோக்கில் குடியிருக்கும் ஓர் அண்ணன் இருபது வருடத்துக்கு மேல் அந்த வேலை பார்த்தவர் என்று தெரிந்த பிறகுதான் விவரம் கேட்க ஆரம்பித்தேன்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். 1956 ஏப்ரலில் 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 இரும்புப் பெட்டிகளுடன் அமெரிக்காவின் நூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் போனது. அனுப்பியவர் மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளி. மூட்டை மூட்டையாக இறக்குவதற்குப் பதில் பெட்டியோடு தூக்கி வைப்பது என்ற யோசனை அங்கிருந்துதான் உலகம் முழுக்கப் பரவியது. சிங்கப்பூரின் தஞ்சோங் பகாருக்கு முதல் கொள்கலன் கப்பல் வந்தது 1972 ஜூனில். 2024-இல் இந்தத் துறைமுகம் கையாண்டது, 20 அடிப் பெட்டிக் கணக்கில், நான்கு கோடிக்கும் மேல்.

கிரேன் ஓட்டுநரின் அறை ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு மாடி உயரத்தில் தொங்குகிறது. பெட்டியைத் தூக்கும் ட்ராலியோடு சேர்ந்து அறையும் கப்பலுக்கும் கரைக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். தரை கண்ணாடி. ஓட்டுநர் குனிந்து தன் இரண்டு கால்களுக்கு நடுவே பார்த்துத்தான் வேலை செய்யவேண்டும். இரண்டு கையிலும் இரண்டு பிடிகள். ஒன்று ட்ராலிக்கு, மற்றது ஏற்றி இறக்க. கம்பி வடங்களின் நுனியில் 'ஸ்பிரெடர்' என்ற இரும்புச் சட்டம் தொங்கும். அதன் நான்கு மூலைகளிலும் உள்ள திருகு பூட்டுகள் பெட்டியின் நான்கு மூலை ஓட்டைகளில் இறங்கித் திரும்பவேண்டும். நான்கும் சரியாகப் பூட்டினால்தான் விளக்கு எரியும், பெட்டி எழும்பும். நல்ல ஓட்டுநர் மணிக்கு 25, 30 பெட்டிகள் எடுப்பார். அதாவது பெட்டிக்கு இரண்டு நிமிடம்.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். பள்ளிக்கூடத்தில் படித்த தனி ஊசல்தான் கஷ்டம். 30 மீட்டர் நீள வடத்தில் தொங்கும் பெட்டி ஒரு முறை ஆடித் திரும்ப ஏறக்குறைய 11 வினாடி ஆகும். அது தானாக அடங்கும்வரை காத்திருந்தால் இரண்டு நிமிடம் அதிலேயே போய்விடும். ட்ராலியை நிறுத்தியதும் பெட்டி முன்னே ஆடிப்போகிறது. வீச்சின் எல்லையில் ஒரு கணம் அசையாமல் நிற்கிறது. அந்தக் கணத்தில் ட்ராலி சரியாக அதன் தலைக்கு மேலே போய் நின்றுவிட்டால் ஆட்டம் முடிந்தது. கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் மறுபடி ஆடும்.

"ஆட்டத்தை நிறுத்தப் பார்க்கக்கூடாது தம்பி. அது கூடவே போய்ப் பிடிக்கணும்" என்றார் அண்ணன். என் முதுகலைப் படிப்பில் இதே கணக்கைச் சமன்பாடாக எழுதி, ஒரு பக்க நிரலில் தீர்த்து, நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அவர் கழுத்தாலும் இடுப்பாலும் அதைத் தீர்த்துக்கொண்டிருந்தார்.

காற்றும் ஒரு தொல்லை. கனமான பெட்டியைவிட வெறும் பெட்டிதான் மோசம் என்கிறார். யோசித்தால் சரிதான். 40 அடி வெறும் பெட்டியின் எடை 4 டன்னுக்கும் குறைவு, ஆனால் காற்று மோதும் பக்கச்சுவர் 30 சதுர மீட்டருக்கும் மேல். பாய்மரம்தான் அது. இன்னொரு பயம் கீழே இருக்கும் லாரி. அதன் பூட்டுகளில் ஒன்று திறக்காமல் இருந்தால் பெட்டியோடு லாரியும், உள்ளே இருக்கும் டிரைவரும் எழும்புவார்கள். தூக்கத் தொடங்கியதும் ஒரு விநாடி நிதானித்துப் பார்ப்பது அவருடைய பழக்கம். "அந்த ஒரு விநாடிக்குத்தான் சம்பளம்" என்று சிரித்தார்.

இப்போது காலம் மாறுகிறது. ராட்டர்டாமில் 1993-லேயே ஆளில்லா வண்டிகள் பெட்டிகளைச் சுமந்து ஓட ஆரம்பித்தன. 2015-இல் அங்கே திறந்த ஒரு முனையத்தில் கப்பலோரக் கிரேன்களையே தூரத்து அறையிலிருந்து திரையைப் பார்த்து இயக்குகிறார்கள். சிங்கப்பூரின் புதிய துவாஸ் துறைமுகத்திலும் ஆளில்லா வண்டிகள்தான், பெட்டி அடுக்கும் கிரேன்களும் தானியங்கிகள். 2024 அக்டோபரில் அமெரிக்கக் கிழக்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர்கள் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பளத்தோடு தானியங்கிகளும் ஒரு முக்கியப் பிரச்சினையாக இருந்தன.

அண்ணனும் சில வருடங்களுக்கு முன் திரை அறைக்கு மாறிவிட்டார். ஒருவரே பல கிரேன்களைக் கவனிக்கலாம். குளிர்சாதன அறை, கழுத்து வலி குறைந்திருக்கிறது, சிறுநீர் கழிக்கப் பத்து மாடி இறங்கவேண்டாம். நிஜமாகவே நல்ல மாற்றம், அவரும் மறுக்கவில்லை. "ஆனா காத்து தெரியலை தம்பி. கேமராவில் காத்து தெரியாது."

அதற்கும் ஒரு உணர்கருவி வைக்கலாமே என்று என் வாய்வரை வந்தது. என் தொழில் புத்தி. வைத்தும் இருப்பார்கள். ஆனால் ஒருவர் பல கிரேன்களைப் பார்க்கலாம் என்றால், முன்பு அவற்றில் உட்கார்ந்திருந்த மற்றவர்கள் எங்கே என்று நான் கேட்டேன். இரண்டு பேர் பெயரைச் சொல்லி, டாக்சி ஓட்டுகிறார்கள் என்றார். புதிதாக வரும் பையன்கள் நேராகத் திரைக்கே வருகிறார்கள். மேலே ஏறியதே இல்லை. ஏதாவது தடங்கல் வந்தால் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். அவர் ஓய்வுபெற இன்னும் நான்கு வருடம் இருக்கிறது.